எந்தப் பக்கத்து வக்கீல்?

உன் பெயர்ப் பலகையை இன்று காலை சுவரிலிருந்து கழற்றினார்கள். நான் கழற்றச் சொல்லவில்லை. பொங்கல் வருகிறதே, ஆபீசுக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று என் மகன் ஆள் அனுப்பியிருந்தான். வந்தவர் ஏணியில் ஏறி முதலில் என் பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். அடுத்து உன்னுடையதில் கையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க இப்ப இல்லீங்கள்ல? இதத் திரும்ப மாட்டணுங்களா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் அவர் ஆணியைப் பிடுங்கிவிட்டார். பலகைக்குப் பின்னால் குடியிருந்த பல்லி திகைத்துப்போய் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு டியூப் லைட்டுக்குப் பின்னால் புகுந்தது. இந்த அறையை வாடகைக்கு எடுத்தபோது நாம் அடித்த நீலம், பலகை இருந்த இடத்தில் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி ஒரு காரணம், உண்மைதான். அது மட்டும் இல்லை.

பலகை இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. உன் பெயர், அதன் கீழே பி.ஏ., பி.எல்., அதன் கீழே வழக்கறிஞர். அதற்கும் கீழே நீ ஜெயித்த மறுநாள் உன் கட்சி ஆட்கள் மஞ்சள் பெயிண்டில் சட்டமன்ற உறுப்பினர் என்று எழுதிவிட்டுப் போனார்கள். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். "யாருய்யா இவனுங்கள எழுதச் சொன்னது?" என்று சத்தம் போட்டாய். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் காட்ட நானும் ஒரு நாளும் தவறியதில்லை.

தெப்பக்குளத்தைப் பார்த்த இந்த மாடி அறையில் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தொழில் ஆரம்பித்தோம். என் பக்கம் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கோயில் குத்தகை. உன் பக்கம் எப்போதும் செருப்பில்லாத, சேறு காய்ந்த கால்கள். அப்போதெல்லாம் அறுப்பு என்றாலே போலீஸ் வேன் வந்து வரப்போரம் நின்றுவிடும். கூலி கேட்டு ஒரு பக்கம் செங்கொடிச் சங்கம், வெளியூர் ஆளை இறக்கி அறுத்துவிடப் பார்க்கும் பண்ணைகள் இன்னொரு பக்கம். நடுவே, ஆட்சிக்கு வந்திருந்த உன் கட்சி சட்டத்துக்குமேல் சட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தது. குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாது, நிலத்துக்கு உச்சவரம்பு, பண்ணை இடத்தில் குடிசை போட்டிருக்கும் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். சட்டம் சென்னையில் பிறந்துவிடும். மன்னார்குடி கோர்ட் படியேறி வருவதற்குள் அதற்கு வயதாகிவிடும்.

அப்படி வந்ததுதான் கீழத்தெரு வழக்கு. மேலப்பண்ணை என்று ஊரே அழைத்த மிராசுதாரின் திடலில் ஒரே ஒரு தெரு. அவர் வயலில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களின் குடிசைகள். மனை அவர்களுக்கே என்று சட்டம் வந்ததும் பண்ணை முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். இவர்கள் போன அறுப்புக்கு வந்த வெளியூர் ஆட்கள், தங்க இடம் கொடுத்தேன், இப்போது போக மாட்டேன் என்கிறார்கள், காலி செய்து தர வேண்டும் என்பது அவருடைய வழக்கு. சட்டம் வந்த அன்று அந்தத் தெரு அங்கே இருந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. இருந்தது என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஒரு மரம்கூடக் கிடையாது. திடலில் குடியிருக்கலாம், மரம் வைக்கக் கூடாது என்பது நம் பக்கத்துப் பண்ணைகளின் வழக்கம். தென்னம்பிள்ளை ஊன்றினால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மரத்துக்கு வயது உண்டு, அந்த வயது கோர்ட்டில் சாட்சி சொல்லும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இடத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் வந்த அன்று நாம் சைக்கிளில் போனோம். வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் தண்ணீர் நின்றதால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தோம். நீ ஒவ்வொரு குடிசைக்குள்ளும் குனிந்து நுழைந்து வெளியே வந்தாய். ஒரு வாசலில் பாக்கியம் நெல் குத்திக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். அந்தத் தெருவுக்காக வாயைத் திறக்கிறவள் அவள்தான். நீ உலக்கையை நிறுத்தச் சொல்லிவிட்டு உரலைப் பிடித்து அசைத்துப் பார்த்தாய். அசையவில்லை. கழுத்துவரை மண்ணில் பதித்த கல்லுரல். உடனே சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "சார், இத எழுதிக்கங்க. எல்லா வாசல்லயும் இருக்கு, எல்லாத்தையும் எழுதிக்கங்க" என்று கத்தினாய். பிறகு கோர்ட்டில் நீ சொன்னதை நான் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதுண்டு.

"நாளைக்குப் போகிறவன் உரலை மண்ணில் பதிக்க மாட்டான், கனம் நீதிபதி அவர்களே."

அந்த ஒரு வாக்கியம்தான் உன்னை எம்.எல்.ஏ. ஆக்கியது. டீக்கடையில், நடவு வயலில், டவுன் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கட்சி சீட்டுக் கொடுத்தது. கீழத்தெரு வரப்பு வரப்பாக நடந்து உனக்கு ஓட்டுக் கேட்டது. ஜெயித்தாய்.

அதற்கடுத்து நடந்தது, வக்கீலாக இருந்து எம்.எல்.ஏ. ஆனவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. நீ பதவியேற்பதைப் பார்க்கத் தெருவே லாரி ஏறிச் சென்னைக்குப் போயிற்று. அன்றைக்குத்தான் அவர்கள் வழக்குக்கு வாய்தா. நீ மறந்துவிட்டாய். "எம்.எல்.ஏ. ஆனா என்னய்யா, இது என் கேஸு, நானேதான் முடிப்பேன்" என்று வக்காலத்தையும் யாருக்கும் மாற்றித் தந்திருக்கவில்லை. நான் ஒரு பாகப்பிரிவினைக்காகக் கும்பகோணத்தில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே கோர்ட் டவாலி வராந்தாவில் நின்று கீழத்தெருக்காரர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பெயர்க்காரர்கள் அத்தனை பேரும் கோட்டை வாசலில் உன்னை ஒரு கண் பார்த்துவிட முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஆஜராகாததால் பண்ணைக்குச் சாதகமாக ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டது. உனக்குப் போட்ட மாலையிலிருந்து பூவைப் பிய்த்துத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்த பெண்களிடம், வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

பாக்கியம் தலையிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நாம ஜெயிச்சிட்டோம்னுல்லங்க நெனச்சுக்கிட்டு வந்தோம்" என்றாள்.

தீர்ப்பை ரத்து செய்ய மனு தயாரித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல், நம்மைவிட மூத்தவர், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "ஒருத்தன் பதவி ஏத்துக்கப் போன நாள் பாத்து ஜெயிச்சேன்னு பேரு எனக்கு வேண்டாம்ய்யா" என்றார். அந்த நாளில் வக்கீல்களில் அப்படியும் மனிதர்கள் இருந்தார்கள். வழக்குப் பிழைத்துக்கொண்டது. நீ சென்னையிலிருந்து வந்து வக்காலத்தை என் பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டாய். "இனிமே இது ஒன் கேஸு" என்றாய், என் முகத்தைப் பார்க்காமலே.

அதற்குப் பிறகு உன்னைத் தனியாகப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. நீ ஊருக்கு வந்தால் இந்த மாடிப்படி முழுக்க ஆள் நிற்கும். வாத்தியாருக்கு மாற்றல், நர்சுக்கு மாற்றல், கண்டக்டர் வேலை, மதகுக்குப் பலகை, மருமகன் குடிக்கிறான். ஒரு முறை மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பைக்குள் கைவிட்டாய், கை நிறைய மனுதான் வந்தது. "எவன்ய்யா இதெல்லாம் படிக்கிறது?" என்று என்னைக் கேட்டாய். விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் உன் கண் இரண்டும் சிவந்துபோயிருந்தன. எனக்கு அன்றைக்கே பாவமாக இருந்தது, சொல்லத்தான் இல்லை.

அடுத்த தேர்தலுக்குள் மேலப்பண்ணை உன் கட்சியில் சேர்ந்துவிட்டார். கரை வேட்டி உன்னைவிட அவருக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது என்று நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை. அவர் சொல் கேட்கும் ஊர்கள் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று கட்சியில் சொல்லிவிட்டார்களாம். அவருடைய ஜீப்பில் நின்றுகொண்டு, அவரையே முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, கீழத்தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போனாய். பின்னால் வந்த காரில் நானும் இருந்தேன். பாக்கியம் ஆரத்தித் தட்டோடு வந்தாள். சுற்றி முடித்து உன் நெற்றியில் பொட்டு வைக்கப் போனவள் கையை நிறுத்திக்கொண்டாள்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே. இப்ப நீங்க எந்தப் பக்கத்து வக்கீலுங்க?"

கூட்டம் சிரித்தது. பண்ணையும் சிரித்தார். நீ கும்பிட்ட கையை இறக்காமல் சிரித்துவைத்தாய். சாயங்காலம் தனியாகப் படியேறி வந்து, உன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டை கட்டிய குரலில் கேட்டாய்.

"அவ கேட்டதுக்கு என்னய்யா பதில் சொல்றது?"

"பதில் தெரியலன்னா வாய்தா வாங்கு. அதானய்யா நம்ம தொழிலு."

நீ வாங்கினாய். ரொம்ப நீளமான வாய்தா. ஜெயித்து, மந்திரியும் ஆனாய். மந்திரியாக இருப்பவர் தொழில் செய்யக் கூடாது, பலகையைக் கழற்றட்டுமா என்று போனில் கேட்டேன். "கெடக்கட்டும்யா. அது என்ன சோறா கேக்குது?" என்றாய். கோர்ட்டில் கீழத்தெரு வழக்கு, நீதிபதி மாறினால் ஒரு வாய்தா, கமிஷனர் அறிக்கை காணோம் என்று ஒரு வாய்தா, பண்ணைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாய்தாவாக நகர்ந்தது. அந்த அலுப்பை உன்னிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ ஒரு மனுவாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருப்பாய்.

பிறகு ஒரு ஐப்பசி மாதம் என்னைப் பயணியர் விடுதிக்கு வரச் சொன்னாய். வெளியே சிவப்பு விளக்குக் கார், உள்ளே உன் எதிரே பண்ணை. ராஜி பேசி முடித்து வைத்திருந்தீர்கள். தெருவை அங்கிருந்து எடுத்து வடிகால் ஓரத்தில் வேறு இடம் தந்துவிடுகிறார், எல்லாருக்கும் உடனே பட்டா, நீயே மேடை போட்டுக் கொடுக்கலாம்.

"நல்ல ராஜிதானய்யா. பட்டா வந்துடுதுல்ல. இன்னும் எத்தன காலம் இழுக்கிறது?" என்றாய்.

நாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினோமே, அதே பள்ளம். மழைக்காலத்தில் நெற்பயிரே அழுகிப்போகும் இடம். உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். நான் வாதாடவில்லை. "தெருவக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று அந்த மழையிலேயே கிளம்பிப் போனேன். தெருவே பாக்கியத்தின் வாசலில் கூடிவிட்டது. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"மந்திரிய வரச் சொல்லுங்க. அவரே வந்து எங்க உரலத் தோண்டி எடுக்கட்டும். எடுத்துட்டாருன்னா, அவரு காட்டுற எடத்துக்கு நாங்க பேசாம பின்னாடியே வந்துடறோம்."

திரும்பி வந்து அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "திமிரப் பாத்தீங்களா?" என்றார் பண்ணை. நீ காப்பி டம்ளரைக் கீழே வைத்தாய். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாய். துண்டு முகத்தில் இருந்தபடியே, "கோர்ட்டே முடிவு பண்ணட்டுங்க" என்றாய். அவ்வளவுதான். எழுந்து காருக்குப் போய்விட்டாய்.

அடுத்த முறை சீட்டு பண்ணையின் மருமகனுக்குப் போயிற்று. உன்னை மேடையில்கூட ஏற்றவில்லை. இத்தனை நாள் மந்திரியாக இருந்தாரே, கீழத்தெருவுக்கு என்னதான் செய்தார் என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். எனக்கும் உன்மேல் ஆத்திரம் இருந்தது, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீ நினைத்திருந்தால் அந்தத் தெருவுக்காக எவ்வளவோ செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்த ராஜியையும் செய்யவில்லை. உன் பதவிக்காலம் முழுவதையும் புடைத்துப் பார்த்தால் முறத்தில் மிஞ்சுவது, நீ செய்யாமல் விட்ட அந்த ஒன்றுதான். அதற்காக உன்னை மன்னித்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். உனக்கு அது பிடிக்காது.

நீ மறுபடியும் இந்தப் படியேறி வந்தபோது தலை நரைத்துப் பாதம் வீங்கியிருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த கறுப்பு அங்கியில் பாச்சை உருண்டை வாசனை. கீழத்தெரு வழக்கில் கடைசி வாதத்தை நானே பண்ணுகிறேன் என்று கேட்டாய், குழந்தை மாதிரி. சரி என்றேன். எழுந்து நின்று, "வியர்வை சிந்தி விளைவித்தவன் வீதியிலே நிற்கின்றானே..." என்று ஆரம்பித்தாய். குரல் நன்றாகத்தான் இருந்தது. இடம்தான் மாறிவிட்டது. நீதிபதி நம் பிள்ளைகள் வயதுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், நீங்க எந்த சாட்சி ஆவணத்தப் பத்திச் சொல்றீங்க?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்க வேண்டும் என்று நினைக்கிறேன், முடியவில்லை. "உரலச் சொல்லுய்யா" என்றேன் மெதுவாக. கமிஷனர் அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினேன். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டாய். மேடைக் குரல் இறங்கி, வேறு ஏதோ ஒரு குரலில், சைக்கிளில் வந்த காலத்துக் குரலில், ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு போனாய். நீதிபதி ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தார்.

ஜெயித்தோம். பண்ணை அப்பீல் போனார். அதிலும் ஜெயித்தோம். அவர் செத்துப்போனார், வாரிசுகள் ஹைகோர்ட்வரை போய்த் தோற்றார்கள். பட்டா கைக்கு வந்தபோது உன்னால் படியேற முடியவில்லை. தெரு முழுக்க உன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. பாக்கியம் பட்டாவை உன்னிடம் நீட்டினாள். நீ அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "மொதல்ல போயி ஆளுக்கொரு தென்னம்பிள்ள வைங்க" என்றாய்.

வைத்தார்கள். காவிரியில் தண்ணீர் வராமல் குறுவையே போடாத கோடைகளில் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். நான் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார்கள். நீ ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்.

உன் சாவுக்குக் கட்சி குறை வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி, பூ ஜோடித்த வண்டி, தெரு முனைவரை ஒலிபெருக்கி. நான் உன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கீழத்தெரு ஆட்கள் தோளில் பச்சைத் தென்னை மட்டைகளோடு வரிசையாக வந்தார்கள். தங்கள் மரத்தில் வெட்டியது, உனக்குப் பாடை கட்ட. பாக்கியம் குச்சி ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பாடையெல்லாம் கெடையாதும்மா. வண்டி இருக்கு. அத ஓரமாப் போடுங்க" என்றார் ஏற்பாட்டைக் கவனித்த கட்சிக்காரர்.

அவர்கள் சண்டை போடவில்லை. மட்டைகளை மதில்மேல் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து போய் ஒரு மட்டையை இழுத்து வந்து, வண்டிக்குள் ஏறி, உன் பெட்டிக்கு அடியில் செருகினேன். கட்சிக்காரர் முறைத்தார். முறைத்துக்கொள்ளட்டும். வண்டி நகர்ந்தபோது, ரோட்டில் நின்றுபோன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவர் பாக்கியத்திடம் கேட்டார்.

"யாரும்மா, அந்தப் பழைய மந்திரிங்களா?"

"எங்க வக்கீலுங்க" என்றாள் அவள்.

உன் வாய்தா அன்றைக்கு முடிந்தது. உனக்குத்தான் கேட்கவில்லை.

அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றபடி உனக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இல்லை. பண்ணையின் வாரிசுகள் கீழத்தெருவின் சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு வழக்கு, வக்காலத்து என்னிடம்தான். நாளைக்கு வாய்தா. இந்த வயதில் எதற்கு என்று மகன் திட்டுகிறான். எனக்கும் போதும் போதும் என்றுதான் இருக்கிறது.

பெயிண்ட்காரர் இரண்டாம் கோட்டும் முடித்துவிட்டு உன் பலகையைக் கையில் எடுத்தார். "கீழ இருக்கிற மஞ்ச எழுத்தச் சுரண்டிடவாங்க? அசிங்கமா இருக்கு" என்றார். வேண்டாம், அதுவும் அவர்தான் என்று சொல்லி, பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னேன். நாளைக் காலையில் பாக்கியம் வருவாள். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்ததும், என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் அந்தப் பலகையைத்தான் பார்ப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்ப்பாள்.